அரைச் சுருட்டு நேரம்

பம்பு மோட்டாரைப் பட்டறையில் இறக்கி வைத்ததும் மோட்டார்காரர் குனிந்து அதை முகர்ந்து பார்க்கிறார். மீட்டர், ஸ்பேனர் எல்லாம் அப்புறம்தான். "காயில் கருகிப் போச்சு. தண்ணி இல்லாம ஓட்டியிருக்கே, இல்ல?" என்கிறார். கொண்டுவந்த விவசாயி "சேச்சே" என்று தொடங்கி, அவர் பார்த்த பார்வையில் "ஒரே ஒரு தடவைதாண்ணே" என்று முடிக்கிறார். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் பதில் தயார்: "கம்பி சுத்தறதுக்கு ஏழு சுருட்டு, வார்னிஷ் காயறதுக்கு மூணு."

ஒரு சுருட்டு என்றால் முக்கால் மணி நேரம். புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். ஊருக்கு இது அத்துப்படி. பஸ் அரைச் சுருட்டு லேட்டு என்பார்கள். எங்கள் தலைமையாசிரியர், வெற்றிலை பாக்குக்கூடத் தொடாதவர், "ஒரு சுருட்டு நேரத்துல மீட்டிங்கை முடிச்சிடலாம்" என்று சொல்லி இரண்டரைச் சுருட்டு பேசியிருக்கிறார். ஆனால் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மோட்டார்காரர் வாயில் இப்போது சுருட்டு இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நானும் அவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். முன்புறம் பட்டறை, பின்புறம் ஓர் அறை, அவ்வளவுதான் அவர் வீடு. கட்டில், ஒரு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளர் நான் போனால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். சாப்பாடு நின்றுகொண்டேதான். "உக்காந்து சாப்பிட எதிர்ல ஆள் வேணும் வாத்தியாரே" என்பார். விடியற்காலையில் அவர் இருமுகிற இருமலில் என் வீட்டுக் காலண்டர் ஆடும். அலாரம் வாங்கும் செலவு எனக்கு மிச்சம் என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடத் தோன்றுகிறது.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. தங்கை கண்ணை மூடியபோது அவள் மகளுக்கு ஏழு வயசு. தகப்பன் போன இடம் தெரியாது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணை வளர்த்து, படிக்க வைத்து, எதிர் வீட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது இவர்தான். "கையில ஒரு பொண்ணை வெச்சிருக்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சிரிப்பார். பட்டறை வாசலில் இவருக்கு இரண்டு கூட்டாளிகள்: டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவர், பால் வண்டிக்காரர் ஒருவர். அவர்களும் தனிக்கட்டைகள்தான். சாயங்காலம் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே தீக்குச்சியில் பற்ற வைப்பார்கள். பேச்சு அதிகம் இருக்காது. சுருட்டை ஏன் விடக்கூடாது என்று ஒரு நாள் கேட்டேன். "பொண்டாட்டி இருந்தா திட்டியிருப்பா. திட்ட ஆளில்லாமலே முப்பது வருஷம் ஓடிடுச்சு" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

திட்ட ஆள் எதிர் வீட்டில் பிறந்தாள். தங்கை மகளுக்குப் பெண் குழந்தை. மூன்றாம் மாதத்திலேயே அதற்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர், வீட்டுப் பக்கம் புகையே ஆகாது, புகை பிடிக்கிறவர் சட்டைகூடக் குழந்தை மேல் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் தெருவைக் கடந்து வந்து, பட்டறைப் படியில் நின்று, அழாத குறையாகச் சொன்னாள்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்தப் புகையிலதான் வளர்ந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு ஆகுதே. ரெண்டு மாசம் சுருட்டைத் தொடாம இருங்க. இவளை நானே கொண்டாந்து உங்க கையில குடுக்கறேன்."

அவர் வாயிலிருந்ததை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். அவள் போனதும் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். சாக்பீஸ் என்னிடம் வாங்கியதுதான்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. முப்பது வருஷப் புகையில் அவருக்குக் கருகின காயில் வாசனை தவிர வேறெதுவும் மூக்கில் ஏறாது. அதனால் தினம் சாயங்காலம் கையை நீட்டுவார். "வாத்தியாரே, மோந்து பாருங்க." நட்ட நடுத் தெருவில் ஓர் ஆம்பளை இன்னோர் ஆம்பளையின் சட்டைக் கையை முகர்ந்துகொண்டு நின்றால் ஊர் என்ன நினைக்கும்? என் மனைவி சும்மா விடுவாளா? "அடுப்புல பால் தீயறது தெரியாத மூக்கு, அண்ணன் சட்டைக்கு மட்டும் வேலை செய்யுதே!" ஆனாலும் முகர்ந்தேன். "இன்னும் அடிக்குது" என்பேன். மறுநாள் அந்தச் சட்டை இரண்டு தடவை துவைத்துக் கொடியில் தொங்கும்.

பதினோரு கோடு வரை ஒழுங்காகப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் வந்தது வினை. காயில் சுற்றி வார்னிஷ் ஊற்றி, உள்ளே பல்பு எரியும் தகர டிரம்மில் மோட்டாரைக் காய வைத்தார். மூன்று சுருட்டு நேரம் காய வேண்டும். வாயில் சுருட்டு இல்லை. பட்டறையில் கடிகாரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று சுருட்டு நேரம் ஆகிவிட்டது என்று மனசு சொன்னது. எடுத்து மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த விவசாயி மோட்டாரோடு திரும்பி வந்தார். "நீங்க விட்ட புகையை இப்ப என் மோட்டார் விடுதுண்ணே!"

தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அவர் மட்டும் பிரித்த காயிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வார்னிஷ் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. "ஒரு சுருட்டு நேரம்கூட ஆகலை போலிருக்கு வாத்தியாரே. அது இல்லாம பொழுது நகரவே மாட்டேங்குது. மூணு ஆயிடுச்சுன்னு சத்தியமா நெனச்சேன்." இத்தனை வருஷத்தில் அவர் கையிலிருந்து திரும்பி வந்த முதல் மோட்டார் அது.

அன்று மத்தியானம் பற்ற வைத்துவிட்டார். நான் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. ஒரு கிராம்பை மென்றுவிட்டுக் கமுக்கமாக இருந்திருக்கலாம். வாசலுக்கு வந்து எதிர் வீட்டைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "அம்மாடி, இன்னிக்கு ஒண்ணு ஆயிடுச்சு. முதல்லேருந்து வெச்சுக்கோ." உள்ளே போய்ப் பன்னிரண்டு கோட்டையும் தோள் துண்டால் அவரே துடைத்தார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் மேலா, சிரித்த என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய், சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் பட்டறையில் ஆணி அடித்து மாட்டினேன்.

அவர் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். "இது பாட்டுக்கு ஓடுதே. யாரும் பார்க்காட்டியும் ஓடும். சுருட்டு அப்படி இல்ல. இழுக்க ஆளில்லேன்னா அணைஞ்சிடும்." அந்த மோட்டாரை மறுபடி காய வைக்க, மூன்று சுருட்டுக்கு முள் எங்கே வர வேண்டும் என்று கண்ணாடி மேல் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தேன். அந்தக் குறி இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலக் கூட்டாளிகள் இப்போது தெருக்கோடியில், வேலியோரம் உட்கார்ந்து பிடிக்கிறார்கள். இவர் இங்கிருந்தே அவர்களோடு கத்திப் பேசுகிறார். முன்பைவிடப் பேச்சு கூடித்தான் இருக்கிறது.

இரண்டாவது தடவை அறுபது கோடு முழுசாக விழுந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே என்னைக் கூப்பிட்டு இரண்டு கையையும் நீட்டினார். சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சிவந்திருந்தது. விரல் இடுக்கில் மஞ்சள் கறை அப்படியேதான் இருந்தது. முகர்ந்தேன். "சவுக்காரம்தான் அடிக்குது. சத்தியமா" என்றேன்.

தங்கை மகள் குழந்தையோடு தெருவைக் கடந்து வந்தாள். இந்தத் தடவை படியில் நிற்கவில்லை, உள்ளேயே வந்தாள். "பிடிங்க மாமா. துணி உலர்த்திட்டு வந்துடறேன். அரைச் சுருட்டு நேரம்." சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியாது. கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் முழங்கையை மடித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டார். வாங்கின கையோடு முகத்தைத் தெருப் பக்கம் முழுசாகத் திருப்பிக்கொண்டார்.

"கழுத்து சுளுக்கிக்கும். குழந்தையைப் பாருங்களேன்" என்றேன்.

"மூச்சு படும் வாத்தியாரே."

"அதான் ரெண்டு மாசம் ஆயிடுச்சே!"

"முப்பது வருஷம் உள்ள இருக்கே." தெருவைப் பார்த்தபடியே கேட்டார்: "நீங்க பார்த்துச் சொல்லுங்க. முழிச்சிருக்காளா?"

"நல்லா முழிச்சிருக்கா. உங்க காதைப் பிடிக்கத்தான் கையை நீட்டறா. எட்டலை."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. தலையை மட்டும் சாய்த்து, காதை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி இறக்கிக் கொடுத்தார்.