மூன்று நோன்பும் ஒரு சொட்டு இரத்தமும்

மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு இரத்தம் போதாது என்று சொன்னார்கள். அறுபதுகளின் ஆரம்பம். மாசி மாதம். அந்த மாதம் மாத்தளை டவுனில் பாதிப்பேர் பட்டினி கிடந்தார்கள். மாரியம்மன் தேருக்கு எங்கள் ஆட்கள் விரதம். முஸ்லிம்களுக்கு நோன்பு. போயா என்னும் பௌர்ணமி வந்தால் சிங்களப் பெண்கள் வெள்ளை உடுத்து, பன்சலை என்கிற புத்த கோயிலில் சில் என்ற விரதம் எடுத்து, மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் இருப்பார்கள்.

எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. கல்யாணமாகிச் சில வருடம் பிள்ளை இல்லை. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட பிறகுதான் தங்கியது. பிள்ளை நல்லபடி பிறந்து கைக்கு வரும்வரை மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எதையும் தொடுவதில்லை என்பது என் நேர்த்தி. நேர்ந்தது நான். சந்நிதியில் அதை வாய்விட்டுச் சொன்னது என் மாமியார். எனக்குச் சாமியிடம் பேசவும் கூச்சம்.

கிளினிக் நாளில் தோட்டத்திலிருந்து இறங்கி பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் அக்கா. டவுனில் இறைச்சிக் கடைக்காரருடைய மனைவி, ஐந்தாவது பிள்ளை. அவருக்கு அப்பால் உக்குவளைச் சிங்களப் பெண், என் வயதுதான், வட்ட முகம், சிவந்த கன்னம். வில்கமுவப் பக்கம் பிறந்து கல்யாணம் முடித்து வந்தவள்.

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தங்கச்சி தோட்டமா?"

தலையை ஆட்டினேன்.

"அதான். தோட்டத்துப் பொம்புளைகளுக்கு இரத்தம் எங்க இரிக்கி? வெறுங்கால்ல நடந்து பூச்சி பிடிக்கும், பிறகு ரொட்டியும் தேத்தண்ணியும். என்னைப் பாருங்க. ஈரலாத் தின்டு வளர்ந்த ஒடம்பு."

சிங்களப் பெண்ணுக்கு ரோசம் வந்தது. தெரிந்த தமிழில் சொன்னாள்: "அக்கே, கொல கெந்த குடிக்கிற ஆளுக்குத்தான் நெறைய லே, இரத்தம். நாங்க காலையில பச்ச இலைக் கஞ்சி. உங்க ஈரல் எல்லாம் சும்மா."

"சும்மாவா? இன்டைக்குப் பாப்பமே!"

தோற்கப்போவது நான்தான் என்பதில் அந்த வாங்கில் இருந்த யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை.

மருத்துவிச்சியை எல்லோரும் மிஸ்ஸி என்போம். அவர் விரலில் ஊசியால் குத்தி, மை ஒற்றும் தாள் போன்ற ஒரு தாளில் ஒரு சொட்டை வைப்பார். பிறகு ஒரு சின்னப் புத்தகத்தில் வெளிர் சிவப்பிலிருந்து கடும் சிவப்புவரை வரிசையாக இருக்கும் கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மூன்று பேருடைய தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"இதில எது யார்ட? சொல்லுங்க பாப்போம்."

சொல்ல முடியவில்லை. மூன்றும் கழுவிய செம்பருத்தி மாதிரி ஒரே வெளிறல்.

"ஈரலும் வெள்ளை, கொல கெந்தயும் வெள்ளை!" என்று பின்னால் இருந்த ஒருத்தி சொல்ல, வாங்கு முழுக்கச் சிரிப்பு. அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "ஒருத்தி வருசா வருசம் பெத்துப் பெத்து இரத்தம் போச்சு. ஒருத்தி வில்கமுவப் பக்கம் மலேரியாக் காய்ச்சல்ல கிடந்து வந்தவள். ஒருத்திக்கு வயித்துல பூச்சி. சாப்பாடாவது ஒழுங்கா?" என்று ஆளுக்கு ஆள் விசாரித்தார். ஒருத்தி நோன்பு என்றாள். ஒருத்தி சில் என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நேர்த்தி என்றேன்.

மிஸ்ஸி தலையில் கை வைத்தார். "மூணு பக்கத்துச் சாமியும் சேந்து எனக்கு வேலை வைக்குது! அடுத்த மாசமும் இந்தக் கலர்னா இங்க பெற விடமாட்டேன். கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிதான்."

கண்டியை நான் பார்த்ததேயில்லை. ரயிலுக்குக் காசு செலவழித்து யார் தினமும் வந்து பார்ப்பார்கள்? தண்ணீர் வேண்டும் என்றுகூட முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க மாட்டேனே. மாத்தளை என்றால் மாமியார் சோறு கொண்டு வருவார். என் பக்கத்தில் இருந்து எனக்காகப் பேசுவார். வெளியே வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அக்கா என் கையைப் பிடித்தார். "அழாதீங்க தங்கச்சி. நானும் இன்டையோட நோன்பு விடுறன். வயித்துப் புள்ளைக்காரிக்கு அது குத்தமில்ல. பிள்ளை பிறந்த பிறகு விட்ட நோன்பைப் பிடிச்சிக்கொள்ளலாம். கழா என்டு சொல்லுறது. ஒங்கட சாமிக்கிட்ட அப்பிடி ஒரு வழியும் இல்லையா?"

"தெரியலைங்க" என்றேன்.

"தெரியாட்டிக் கேளுங்க. கேக்காம எப்பிடித் தெரியிற?"

சிங்களப் பெண்ணும், தான் பன்சலையில் ஹாமுதுருவிடம், அதாவது பிக்குவிடம், கேட்கப்போவதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மாமியார் அடுப்படியில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். கருவாடு இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என் கண்ணில் படக்கூடாது என்று எனக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார். அவரிடம் போய் நின்றேன். கழா என்று அக்கா சொன்னதை ஒருவிதமாகத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன்.

மாமியார் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அவங்க சாமி கடன் குடுக்குது. நம்ம ஆத்தா என்ன, அதவிடக் கஞ்சமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். தேர் நெருங்கிய நேரம், சரியான கூட்டம். மாமியார் கூட்டத்தைத் தள்ளி முன்னால் போய், சந்தையில் விலை பேசுகிறவர் போலக் கையை நீட்டிச் சொன்னார்:

"ஆத்தா, இவ நேர்ந்தா, நான்தான் சொன்னேன். சொன்ன வாய் என் வாய்தானே? அதனால விரதத்த நானே எடுத்துக்கிறேன். புள்ள பொறக்கிற வரைக்கும் மீன் கருவாடு எனக்கு வேணாம். அவளச் சாப்பிட விடு. கோவம்னா எங்கிட்ட வா, அவகிட்டப் போகாத."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயர் திருநீறு கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்தால் போதும் என்று இருந்தது.

திரும்பும் வழியில் மாமியார் அக்காவுடைய இறைச்சிக் கடையில் சேதி சொல்லிவிட்டு வந்ததால், அடுத்த நாளே அக்கா ஆட்டு ஈரல் கொடுத்தனுப்பினார். "மாடு இல்ல, ஆடுதான், நம்பித் தின்னச் சொல்லுங்க" என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். மாமியார் மிளகு போட்டு வறுத்தார். வாசனை வந்ததும் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "உப்பு இருக்கா பாருடி, எனக்குத்தான் பாக்க வழியில்லையே" என்றார். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். "இருக்கா?" "இருக்கு அத்தை." "மெதுவாத் தின்னு, அந்தப் பக்கம் திரும்பித் தின்னு." இப்போது முதுகைக் காட்டிச் சாப்பிடும் முறை என்னுடையதாகிவிட்டது. அந்த ஒரு மாதம் எங்கள் லயத்து வீட்டு முருங்கை மரத்தில் கீரை துளிர்க்க நேரமில்லை. மிஸ்ஸி தந்த மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் மாமியார் முன்னால் நின்று விழுங்க வைத்தார்.

அடுத்த கிளினிக்குக்கு அவரும் வந்தார். சிங்களப் பெண்ணுடைய தாள் நன்றாகச் சிவந்திருந்தது. என்னுடையதை மிஸ்ஸி ஜன்னலுக்கும் புத்தகத்துக்குமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "செவப்புதான் மிஸ்ஸி, எனக்கே தெரியுது" என்றார்.

"அம்மா, நீங்க மிஸ்ஸியா, நான் மிஸ்ஸியா?" என்றவர் கடைசியில், "சரி, மாத்தளையிலேயே பெறட்டும்" என்றார்.

அக்காவுக்குத்தான் போதவில்லை. அவர் கவலைப்படவேயில்லை. "கண்டியில எங்கட சாச்சி வீடு இரிக்கி. நாலு புள்ளைகளையும் அதுகள்ட வாப்பாக்கிட்ட விட்டுட்டுப் போய் நல்லாப் படுத்து எழும்புறன்" என்றார். அப்படியே போய், பெண்பிள்ளை பெற்றுக்கொண்டு சுகமாக வந்து சேர்ந்தார்.

எனக்கு மாத்தளை வார்ட்டில் மகன் பிறந்தான். மத்தியானம் மாமியார் வந்து, பேரனைத் தூக்கிப் பார்த்துக் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு எனக்கென்று கொண்டுவந்த பத்தியச் சோற்றைத் திறந்தார். மீன் குழம்புதான், ஆனால் மீனை மட்டும் காணவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பஸ்ஸுலதான் சேதி சொன்னாங்க, பையன்னு" என்றார் மாமியார். "வர்ற வழியிலேயே விரதத்த முடிச்சிட்டேன்."