பேக்கப் எடுத்தாச்சா?

என் மாமியாரின் வாயை என் கணவர் செண்பகனூரில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து, சுத்தமாக அழித்து வாங்கிக்கொண்டு வந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு கிடையாது. எழுதிக் காட்டலாம் என்றால், கையெழுத்துப் போடுவதைத் தாண்டி அவருக்கு எழுத்துப் பழக்கமில்லை. அவர் பேசிய பேச்சு என்று மிச்சமிருந்ததெல்லாம் என் போனுக்குள் இருந்ததுதான்.

அது எப்படி அங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஊர் கிளாவரை, மலைக்கிராமம். வீடு ஊருக்குள், பூண்டுக்காடு மேலே. டவர் என்பது எங்கள் பக்கம் இஷ்டப்பட்டால் வரும் விருந்தாளி. அத்தை வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டால், நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்லுவாள். அந்தப் பெண்ணை அத்தைக்கு ஆகவே ஆகாது. "இவ யாருடி குறுக்க?" என்று போனைக் கீழே வைத்துவிட்டு, வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் போடக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்றால் சும்மா இல்லை, மனுஷி அதற்கென்றே பிறந்த மாதிரி பிடித்துக்கொண்டார்.

காட்டின் மேல்மூலையில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறினால் மட்டும் சிக்னல் கிடைக்கும். கஞ்சி குடிக்க நான் அங்கே ஏறி உட்கார்ந்தேனோ இல்லையோ, விடிந்ததிலிருந்து சேர்ந்து கிடந்த திட்டெல்லாம் டிங் டிங்கென்று மொத்தமாக வந்து இறங்கும். "ஏ புள்ள, அடுப்புல பால வச்சிட்டு எங்கடி போய்த் தொலைஞ்ச?" நான் கேட்கும்போது பால் பொங்கி, வழிந்து, காய்ந்து, அதை அவரே சுரண்டியும் முடித்திருப்பார். "ஒரு சோலியாவது உருப்படியாச் செய்யிறியா?" "உன் புருசன் சொல்றத நம்புனா நடுத்தெருவுலதான் நிக்கணும்." "கோழிய அடைச்சியா?" மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் எந்தக் கோழியை அடைப்பது? நான் எதையும் அழித்ததில்லை. பாசமெல்லாம் கிடையாது, சோம்பேறித்தனம்.

ஆபரேஷன் முடிந்து வரும்போது அவருடைய போன் பஸ்ஸில் களவு போய்விட்டது. புதுசு வாங்கலாம் என்றதற்கு, வாயே இல்லை, போன் எதற்கு என்று கையை விரித்துக் காட்டினார். கொஞ்ச நாள் வீடே செத்துக் கிடந்தது. ஒருநாள் என் கணவர் வாசலில் நின்று, இந்த வருஷம் பூண்டு விலை எகிறப்போகிறது, கார் வாங்கப் போகிறேன் என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். அத்தை என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். மேலும் கீழும் தள்ளித் தேடினார். ஒன்றை அமுக்கினார். "உன் புருசன் சொல்றத நம்புனா நடுத்தெருவுலதான் நிக்கணும்." சொந்தக் குரலில், சொந்த வீட்டு வாசலில், சொந்த மகனைப் பற்றி! வந்தவர் சிரித்த சிரிப்பில் என் கணவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து போன் எனக்கில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாதே தவிர, ஒவ்வொரு மெசேஜுக்கும் திரையில் தெரியுமே குட்டிக் குட்டிக் கோடுகள், அதன் மேடு பள்ளத்தை வைத்தே இது எந்தத் திட்டு என்று கண்டுபிடித்துவிடுவார். பூண்டு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் "ஒரு சோலியாவது உருப்படியாச் செய்யிறியா?" பக்கத்து வீட்டுக்காரி கழுத்துத் துளையை உற்றுப் பார்த்தால் "எங்கடி போய்த் தொலைஞ்ச?" பொழுது சாய்ந்தும் வந்த விருந்தாளி கிளம்பாவிட்டால் "கோழிய அடைச்சியா?" எல்லாம் எனக்காகச் சொன்னது. ஆனால் சொல்லிவைத்தது போல ஊருக்கே பொருந்தியது.

இப்படி இருக்கையில் சார்ஜ் போடும் ஓட்டையில் காட்டு மண்ணும் பூண்டுத் தோலும் போய் அடைத்துக்கொண்டது. ஏற்கெனவே போன் ஆமை நடை. என் கணவர் மருந்து வாங்கக் கீழே போனார். "அப்படியே இதையும் க்ளீன் பண்ணி வாங்கிட்டு வாங்க" என்று கொடுத்துவிட்டேன். நான் செய்த ஒரே காரியம் அதுதான். பின்புறக் கவரில் சேறு அப்பிக் கிடக்கிறது, கடையில் மானம் போகும் என்று அதைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மகராசன்.

கடையில் நடந்ததை அவர் வாயாலேயே பிறகு கறந்தேன். கடைக்காரர் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஹேங் ஆகுதேண்ணே, எல்லாத்தையும் க்ளீன் பண்ணிரவா?" என்று கேட்டிருக்கிறார்.

"சுத்தமாப் பண்ணிருங்க தம்பி. ஒண்ணு விடாம."

"பேக்கப் எடுத்தாச்சா?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. எடுத்து வீட்டுலதான் வச்சிருக்கேன்."

அவர் கேட்டது பேக்கப். இவர் சொன்னது பேக் கவர்! இரண்டு பேரும் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்கள். இவர் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். அவர் ஃபேக்டரி ரீசெட்டை அமுக்கினார்.

"புதுப் போனு மாதிரி ஆக்கிட்டாருடி" என்று பெருமையாக வந்து நீட்டினார். சார்ஜ் ஓட்டை பளிச்சென்று இருந்தது. அத்தை வாங்கிப் பார்த்தார். பச்சை வட்டத்தைத் தேடினார். வாட்ஸப்பே இல்லை. என்னிடம் கொடுத்தார். நான் பார்த்தேன். ஒரு திட்டுகூட மிச்சமில்லை.

"அந்தாளு பேக்கப் எடுத்தாச்சான்னு கேக்கலியா?"

"கேட்டாரு. எடுத்துத்தான் ஜன்னல்ல வச்சிருக்கேன். இந்தா கெடக்கு பாரு." சேறு காய்ந்த கவரைக் கொண்டுவந்து என் முன்னால் ஆட்டினார். சரி விடு, வாட்ஸப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் போச்சு என்று போனைத் தொட வந்தவரின் கையைத் தட்டிவிட்டேன். இந்த மனுஷன் இனி எதையும் தொடக்கூடாது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

அத்தை மகனைத் திட்ட வாயைத் திறந்தார். துளையிலிருந்து புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தார். அதற்கும் காற்றுதான். போனைத் தேடிக் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார், சாப்பிடவும் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்றுகூட நான் அப்படி நொந்துபோகவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பொம்பளை வாயை மூடினால் தேவலை என்று கேட்காத சாமி இல்லை. இப்போது எந்தச் சாமியிடம் போய் மாற்றிக் கேட்பது?

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். வரமாட்டேன் என்ற அத்தையையும் இழுத்துக்கொண்டுதான். கடைக்காரருக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணன்தான்க்கா எடுத்தாச்சுன்னாரு" என்றார். அண்ணன் கடைக்கு வெளியே ஒரு போர்டை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள இருந்தத நோண்டி எடுக்க முடியாதா தம்பி?"

"முடியாதுக்கா. எடுத்துத் தாரேன்னு சாப்ட்வேர் காட்டுறவன் பூராப் பயலும் டூப்பு. ரீசெட் குடுத்தா உள்ள இருக்கதுக்குச் சாவியே போயிரும். வாட்ஸப்பு அதுவா ஜிமெயிலுக்குப் பேக்கப் அனுப்பியிருந்தா உண்டு. திரும்ப வாட்ஸப்ப ஏத்துனீங்களா?"

"இல்ல."

"பொழச்சீங்க. ஏத்தி, பழசு வேணுமான்னு கேக்கையில வேணாம்னு எதையாவது அமுக்கியிருந்தீங்கன்னா சிக்கலாயிருக்கும். ஜிமெயில் பாஸ்வேர்டு சொல்லுங்க."

எனக்கு ஜிமெயில் இருப்பதே அப்போதுதான் தெரியும். போனை முதன்முதலில் தயார் செய்து கொடுத்தது அட்டுவம்பட்டியில் இருக்கும் என் அக்கா. அவளைக் கூப்பிட்டேன். கடையில் ஒரே சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் உதவி செய்கிறேன் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"பாஸ்வேர்டாடி? மறப்பேனா! உன் மாமியாகூடச் சண்ட போட்டுட்டு மூட்டையக் கட்டிட்டு வந்தியே, அன்னிக்குத்தான வச்சோம்? எட்டெழுத்துக்குக் கொறையாம கேட்டுச்சுன்னு, இங்கிலீசு எழுத்துல 'கெழவி ஒழிக'ன்னு அடிக்க நீதானடி சொன்ன?"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எல்லோருக்கும் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், கெழவி உட்கார்ந்திருந்தார்.

"அது வந்து அத்தை, ஊர்ப் பேருங்க. கிளாவரையத்தான் சுருக்கி..." என்றேன். அப்போ ஊரு ஒழியணுமாடி என்று கேட்டிருப்பார், வாய் இருந்தால். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. துளையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாரோ என்று பதறிக் கிட்டே போனால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, வெரசா அமுக்கு என்று கடைக்காரரின் கையைத் தட்டினார்.

கெழவி ஒழிக என்று அடித்ததும் கதவு திறந்தது. பேக்கப் இருந்தது! கடை வைஃபையில் அது இறங்கி முடிவதற்குள் நான் பழனி மலைக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். இறங்கியதும் கடைக்காரர் சோதித்துப் பார்க்க ஒன்றை அமுக்கினார். "ஏ மூதேவி, எத்தன தடவ கூப்புடுறது?" என்று அத்தையின் குரல் கடையையே தூக்கியது. மனுஷன் போனைக் கீழே போடப் பார்த்தார். என் கணவர் வெளியே நின்றபடியே, "வாரேன் ஆத்தா!" என்றார். பழக்கதோஷம்.

"ஒண்ணு சொல்லிருறேன்க்கா" என்றார் கடைக்காரர். "இது வைஃபை கெடைச்சா மட்டும்தான் பேக்கப் அனுப்பும். கடைசியா நீங்க வைஃபைல இருந்த நாள் வரைக்கும்தான் வந்திருக்கு. அதுக்குப் பெறகு உள்ளது வராது."

கிளாவரையில் வைஃபைக்கு எங்கே போவது? அக்கா வீட்டில்தான் உண்டு. ஆபரேஷனுக்குப் போகும் வழியில் எல்லோரும் அங்கே ஒரு ராத்திரி தங்கினோம். விடிந்ததும் அத்தையும் என் கணவரும் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனார்கள். பூண்டு பிடுங்கும் நேரம் என்பதால் நான் ஊருக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு அத்தை அனுப்பியது ஒரே ஒரு மெசேஜ். அது போச்சு.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் வந்ததே பெரிய விஷயம், வாயைத் திறப்பானேன் என்று பஸ்ஸுக்கு வந்து நின்றோம். நிழற்குடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அத்தை போனை எடுத்து, விறுவிறுவென்று அடிக்குத் தள்ளினார். கடைசி மெசேஜுக்குக் கீழே நகத்தால் தட்டினார். ஒன்றுமில்லை. திரும்பவும் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதை அவர் மறந்தே போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு தடவைகூட எங்கள் முன்னால் போட்டதில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் அனுப்பியது. நான் பாறையில் ஏறியபோது வந்து விழுந்தது. "ஏ புள்ள, உள்ள கூப்புடுறாங்க. இனிமே பேச்சு வராதாம். கோழிய வெரசா அடைச்சிரு. நீ வந்த பெறகுதான்டி அந்த வீட்டுல பேச்சுத் தொணைக்கு எனக்கு ஒரு ஆளு கெடைச்சது." அவ்வளவுதான். அன்றைக்கு நான் பாறையிலிருந்து இறங்கவே வெகுநேரம் ஆனது.

"அது மட்டும் வரல அத்தை" என்றேன். அவர் போனைத் தன் மடியில் கவிழ்த்து வைத்தார். என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, என் வாயைத் தொட்டுக் காட்டினார். சொல் என்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில், என்னைப் பற்றிய நல்ல வார்த்தையை நானே எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

அவர் என் தொடையில் சுள்ளென்று ஒன்று வைத்தார். நிமிர்ந்தால் அவர் உதடு அசைந்தது. சத்தமில்லை, காற்றுதான். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு விளங்கியது. "ஊமக்கோட்டான் மாதிரி முனங்காதடி. சத்தமாச் சொல்லு."

அத்தையின் மெசேஜ் எல்லாமே எனக்கு மனப்பாடம். ஊமக்கோட்டான் அதில் எதிலும் கிடையாது. இப்போதுதான், என் கண் முன்னால், அவர் வாயிலிருந்து வந்தது. நான் எழுந்து நின்றேன். என் கணவரும் பஸ்ஸுக்கு நின்ற சனமும் திரும்பிப் பார்க்க, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: "நீ வந்த பெறகுதான்டி அந்த வீட்டுல பேச்சுத் தொணைக்கு எனக்கு ஒரு ஆளு கெடைச்சது!"