அப்பாவின் கால்

நோபல் பார்க் கடைத்தொகுதியில் யாரும் வாசிக்கலாம் என்று ஒரு பியானோ வைத்திருக்கிறார்கள். இன்று ஒரு சீனப் பெண் அதில் ராக்டைம் என்ற பழைய அமெரிக்க இசையை வாசித்தாள். இடக்கை ஒழுங்காக நடக்க, வலக்கை தாளத்தை முந்திக்கொண்டு துள்ளியது. எனக்கு வயிறு எரிந்தது. அக்காவும் இப்படித்தான் வாசிப்பாள்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிறந்தநாள்களுக்கு வரும் அன்ரிமார் றோல்ஸைக் கடித்தபடி அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். பழைய பியானோ பூச்சியுருண்டை மணக்கும். அப்பா கதிரையில் இருந்தபடி காலால் தாளம் தட்டுவார். நான் வாசித்தால் அந்தக் கால் அசையாது.

பிறகு பொத்தானை அழுத்தினால் மேளம் அடிக்கும் கீபோர்ட் எனக்கு வந்தது. எல்லோரும் சினிமாப் பாட்டுக் கேட்டார்கள், என்னிடம். ராக்டைமை ஒருவரும் கேட்கவில்லை. அக்கா பியானோவை மூடிவிட்டாள்.

"நல்லாய் வாசிக்கிறாய்" என்றார் அப்பா என்னிடம். கால் மட்டும் அசையவில்லை.

அக்கா இப்போது லண்டனில். அப்பாவைக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளித் திரிபவள் நான்.

இன்று அந்தக் கால் தட்டத் தொடங்கியது.

"அக்கா வந்திட்டாளோ, பிள்ளை?"

"இல்லையப்பா. வாங்கோ, போவம்."

பாட்டு முடியுமுன்னே நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினேன். கார் வரைக்கும் கால் தட்டிக்கொண்டே வந்தது.