கதவடியில் ஒரு மரத்துண்டு

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் மெரிலேண்ட்ஸில் மசாஜ் செய்யும் ஒரு தமிழ் அக்காவுக்கு ஒரு பழக்கம். என்னைப் போன்ற ஆண்கள் வந்தால், அறைக்கதவு மூடாதபடி அடியில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவார். நான் முதுகுவலியோடு வெளியே காத்திருந்த அன்று, தமிழ் விழாக்களில் ஒழுக்கம் பேசும் பெரியவர் ஒருவர் உள்ளே இருந்தார்.

"கதவைச் சாத்துமன் பிள்ளை, ஆருக்குத் தெரியப்போகுது?" என்று அவர் குழைந்தது என் காதில் விழுந்தது.

"பிசியோதெரபிஸ்ட்டிட்டயும் இப்பிடிக் கேப்பீங்களோ?" என்றார் அக்கா. "சட்டத்தில அவைக்குப் பதிவு இருக்கு, எங்களுக்கு இல்லை. அதுக்காக நான் படிச்சது வைத்தியமில்லையோ? எழும்பிப் போங்கோ!"

சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தும், பெரியவராயிற்றே என்று பதிலுக்குச் சிரித்துவைத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

என் முறை வந்ததும் கதவை அகலத் திறந்து, மரத்துண்டு போதாதென்று நான் உட்கார்ந்திருந்த கதிரையையும் முட்டுக்கொடுத்தார்.