சின்னம்மா படித்த சுவீடன் மொழி

நான் குடியேறிய ஸ்பிரிங்வேலில், மீன்கடை வரிசையில் ஒரு முதியவர் போனில் "பிட்டே, பிட்டே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய் ஜெனரேட்டரின் உறுமலுக்கு மேலாகச் சின்னம்மா டிவியைப் பார்த்துச் சொல்லிப் பழகிய சொல். சுவீடன் மொழியா என்று கேட்டேன். ஜெர்மன் என்றார்.

ஐயோ, சின்னம்மா! ஜெர்மனியிலிருந்து மாமா அனுப்பிய வீடியோ கசெற்றுகளில், ஒரு சுவீடன் நடிகை வேலைக்காரியாக அறிமுகமாகி, ராணியாகி, தாய் வேடங்களில் தேய்ந்தது வரை எல்லாப் படங்களையும் சின்னம்மா மனப்பாடம் செய்தாள். அதில் கேட்டது நடிகையின் மொழியல்ல, ஜெர்மனில் யாரோ கொடுத்த இரவல் குரல் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுவீடனில் தஞ்சம் கேட்க அவளிடம் இருந்தது அந்த மொழி மட்டும்தான். போனவளிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

புறப்பட்ட அன்று பஸ் நிலையத்தில் அழுத அம்மாவிடம் அவள் சொன்னாள்:

"அழாதையுங்கோ அக்கா. இறங்கின உடனை அவையின்ரை பாஷையிலையே கேப்பன். உள்ளுக்கை விடாமல் இருப்பினமே? போட்டு வாறன்."