சிலிண்டரில் ஒரு பச்சைக் கொக்கு

எதிர் குவார்ட்டர்ஸ் அக்காவின் கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். நகங்களில் பெயின்ட் காய்ந்திருக்கும். கம்பெனி வீட்டுச் சுவரில் வரைந்தால் காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டுமே! அதனால் முறம், வாளி, அரிசி டிரம் என்று, போகும்போது லாரியில் ஏறக்கூடியவற்றில் மட்டும் வரைவார். அவர் முறத்தில் நீல எருமை பறக்கும்.

ஒருநாள் என் டிபன் கேரியரை நீட்டி, "என்னை மாதிரியே கம்பீரமா ஒரு சிங்கம் போடுங்கக்கா" என்றேன். வாய் பிளந்து தூங்கும் நீர்யானையைப் போட்டுக் கொடுத்தார். ஷிப்ட் பஸ்ஸில் எல்லாரும் உடனே என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

அவர் கணவர் ரிட்டையராகி, வீட்டைக் காலி செய்த அன்று, ஏஜென்சியில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கேஸ் சிலிண்டரில் அக்கா வரைந்துகொண்டிருந்தார். அலகில் கரண்டி கவ்விய பச்சைக் கொக்கு.

"எதுக்குக்கா? இது உங்ககூட வராதே."

"வராதுன்னுதாம்பா போடறேன். நாங்க போயிட்டாலும், இது இந்த ஊருலயே வூடு வூடா சுத்திக்கினு இருக்கும்ல?"

பெயின்ட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இப்போதெல்லாம் சிலிண்டர் வந்தால் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். "லீக் எதுவும் இல்ல சார்" என்று கோபித்துக்கொள்கிறார் கொண்டுவருபவர். கொக்கைத் தேடுகிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.