காலடிப்பேட்டைச் சுவரில் என் அக்கா

என் அக்காவைச் செத்த பிறகும் விடவில்லை, வெள்ளையடித்தார்கள். மஞ்சள் காமாலையில் அவள் போன அன்று, காலடிப்பேட்டையில் அவளுடைய மாமியார் வீட்டு வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றது. அதில் இருந்தவள் யாரோ ஒருத்தி. கல்யாண போட்டோவைக் கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்து, மைதா மாவு பூசின மாதிரி ஒரு மூஞ்சி. அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்த அம்மா, "இது யார்ரா?" என்று என்னைக் கேட்டாள்.

நாங்கள் எண்ணூர்க் குப்பத்து ஆட்கள். வெயிலும் உப்பும் அனல்மின் சாம்பலும் தின்று வளர்ந்த கறுப்பு. அக்கா எங்களிலும் கறுப்பு. விரும்பிக் கட்டினவன் தெரிந்துதான் கட்டினான். அவன் அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் கரிக்கட்டை என்பாள். விசேஷத்தில் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து, உள்ளே போய்த் தண்ணி கொண்டா என்று அனுப்பிவிடுவாள். புருஷன்காரன் வாயைத் திறக்க மாட்டான். அக்கா இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கல்யாண போட்டோவை விட்டால் அவளுக்கு வேறு படமே கிடையாது, அதையும் கெடுத்துவிட்டார்கள்.

நான் சுவரில் படம் வரைகிறவன். கட்சிச் சின்னம், கடைப் பெயர், மாதா, முருகன், எது கேட்டாலும் வரைவேன். அவர்கள் அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போனதும், பட்டப்பகலில் அந்த வீட்டு மதிலில், தெருப்பக்கம், ஆள் உயரத்துக்கு அக்காவை வரைந்தேன். மூக்குத்தி, மல்லிகை, குங்குமம், அசல் கறுப்பு.

சும்மா வரைந்துவிட்டுப் போனால் மறுநாளே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கம், புருஷன் இருக்கப் பூவும் பொட்டுமாகப் போனவள் பூவாடைக்காரி. வீட்டுத் தெய்வம். குப்பத்துப் பெண்களைக் கூட்டிவந்து மஞ்சள் வைத்துக் கற்பூரம் காட்டச் சொன்னேன். கற்பூரம் காட்டின சுவரில் எங்கள் தொழிலில் எவனும் சுண்ணாம்பு மட்டையை வைக்க மாட்டான். திரும்பி வந்த மாமியார் பெயின்டர்களைக் கூப்பிட்டாள். வந்தவனெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். டோல்கேட் ஏரியாவிலிருந்து வந்தவன் அவளிடமே விபூதி கேட்டானாம்.

வருஷம் திரும்பியதும் மகனுக்கு வேறு பெண் பார்த்தாள். நல்ல சிவப்பு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆனால் கல்யாணம் என்றால் முதல் புடவை பூவாடைக்காரிக்கு. பெண் வீட்டார் முன்னால், மதிலில் இருக்கும் அக்காவுக்குப் புடவை வைத்துக் கும்பிட்டாக வேண்டும். முந்தின நாள் எனக்கு ஆள் அனுப்பி வரவழைத்துக் கேட்டாள்.

"கொஞ்சம் செவப்பா பண்ணிக் குடுப்பா. ஒங்க அக்கா அழகா இர்ந்தா ஒனக்கும் பெருமதானே?"

அழகா இர்ந்தா பெருமையாம்! தூரிகையை அவள் வாயிலேயே திணித்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, காலையில் வந்து செய்து கொடுக்கிறேன் என்றேன்.

சொன்னபடி விடிந்ததும் போனேன். முகத்துக்கும் பாதத்துக்கும் கறுப்பு எனாமல், கெட்டியாக இன்னொரு கோட் கொடுத்தேன். எனாமல் காய ஒரு பகல் வேண்டும். அவர்களுக்கு நல்ல நேரமோ காலையிலேயே. தட்டோடு வெளியே வந்த மாமியார் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னால் சம்பந்தி வீடே நிற்கிறது. புடவையை வைத்துவிட்டு மண்டி போட்டு, அக்காவின் பாதத்தில் நெற்றியை வைத்தாள்.

எழுந்தபோது நெற்றி முழுக்கக் கறுப்பு. பெண்ணின் அம்மா, "மூஞ்சில இன்னாமோ கீது, சம்பந்தி" என்றாள். மாமியார் முந்தானையால் துடைத்தாள், கன்னத்துக்கு இறங்கியது. தண்ணீர் விட்டுத் தேய்த்தாள், கழுத்துக்கு இறங்கியது. தெருவே கூடிவிட்டது. எனக்கு ஜில்லென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

"எதுனா குட்றா, போவ மாட்டேங்குது" என்றாள் என்னிடம்.

எனாமலை எடுக்கிற டர்ப்பன்டைன் பாட்டில் என் பையில்தான் இருந்தது.

"அது எங்க கலரும்மா. போவாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.